பட்டியலில் விழாத முதல் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகள் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஏதோ பழைய புரோகிராமை ஒரு கம்ப்யூட்டர் மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமாம். பட்டனை அமுக்கினாள். நான் காபியை ஆற்றி முடிப்பதற்குள் மாறிவிட்டது. "இதுக்கா மாமா எட்டு மாசம் உட்கார்ந்தீங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. "மொதல் பேரு வந்திருக்கா பாரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களிடமாவது சொல்லித் தொலைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் ரூமில் மட்டும்தான் ஏசி. கோயில் மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூசாரி நான்தான், அதுவும் இன்னும் வேலை நிரந்தரமாகாத, புரொபேஷனில் இருந்த பூசாரி. உள்ளே எந்நேரமும் பிரிண்டர் ரிப்பன் மை வாடை.

கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் இருந்ததையெல்லாம் சி மொழிக்கு மாற்றுவது என் வேலை, எட்டு மாசம் பிடித்தது. அதில் ஒரு வம்பு. நாங்கள் எழுதிய கோபோலில் பட்டியலின் முதல் ஆளுக்கு எண் ஒன்று, சி-யில் பூஜ்யம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். இருந்தும் ஓரிடத்தில் ஒன்று என்றே விட்டுவிட்டேன், பூஜ்யத்தில் இருக்கும் முதல் ஆள் பட்டியலில் விழவே மாட்டார். சரிபார்த்தபோது கடைசிப் பெயரை மட்டும் பார்த்தேன். கடைசி ஆள் வந்துவிட்டால் எல்லாரும் வந்த மாதிரிதானே! அவ்வளவு புத்திசாலி.

அது தற்காலிகத் தொழிலாளர்களைப் பர்மனென்ட் ஆக்கும் பட்டியல். ஏழு டிபார்ட்மென்ட், ஒவ்வொன்றிலும் சீனியாரிட்டி வரிசை. நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஏழிலும் முதல் ஆளைக் காணோம்.

"சீனியருங்கள கழட்டி வுடறாங்கடா!" கேன்டீனில் தமிழில் கிளம்பிய பேச்சு, இட்லி தீர்வதற்குள் கன்னடத்திலும் தெலுங்கிலும் சுற்றி வந்துவிட்டது. விடுபட்டவர்கள் யார் யார் என்று கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய் என் தப்பைச் சொன்னேன். ஆள் எடுக்கும் பர்சனல் மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆறு மாசத்துல அடுத்த லிஸ்ட் வருது, அதுல போட்டுக்கலாம். நீ வாய மூடிட்டு வேலையப் பாரு."

பெயின்ட் அடிக்கும் டிபார்ட்மென்ட்டின் முதல் ஆள் பஷீர் பாய். பதினோரு வருஷம் தற்காலிகம். இந்தத் தடவை நிச்சயம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மனசு கேட்காமல் அன்று சாயங்காலமே மூக்கண்டப்பள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னுதுதான் பாய். அடுத்த லிஸ்ட்ல பேரு வந்துடும்."

"பேரு வரப்ப வரட்டும் சார். 'என்னத்தடா திருடுன'னு தெருவுல கேக்கறாங்க. அந்த போர்டாண்ட வந்து, நாலு பேரு முன்னாடி இதச் சொல்லுவீங்களா?"

"நாளைக்கே சொல்றேன் பாய்."

மறுநாள் மூன்று தடவை போர்டு வரைக்கும் போனேன். முதல் தடவை கூட்டம் அதிகம் என்று திரும்பினேன். அடுத்த தடவை ஆளே இல்லை, யாரிடம் சொல்ல? மூன்றாம் தடவை நல்ல கூட்டம், பாயும் நின்றிருந்தார். என்னையே பார்த்தார். வாயைத் திறக்கப் போனேன், சங்கு ஊதிவிட்டது. அப்பாடா என்றிருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அந்த வாரமே அவர் கேட் பாஸை ஒப்படைத்துவிட்டு, வீட்டையும் காலி செய்துகொண்டு பெங்களூர் பக்கம் போய்விட்டார். மற்ற ஆறு பேரும் அடுத்த பட்டியலில் பர்மனென்ட் ஆனார்கள். நானும் ஆனேன்.

இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. போர்டு மாட்டியிருந்த சுவர் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் போய் நின்றேன். ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி வேலை போகும் என்ற பயமில்லை, சத்தமாகவே சொல்லலாம். வாட்ச்மேன் வந்தார். "யாரப் பாக்கணும் சார்?"

"யாரும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.