இருபது மீட்டர் கயிறு

மைதானத்தில் கோடு போடுகிறவரை எல்லோரும் கோட்டு மாமா என்பார்கள். அவர் கோடு பிசகாது, தலைக்கனத்துக்கும் குறைவில்லை. "அளவுன்னா என் கயிறுதான்" என்று மார்தட்டுவார்.

கால்பந்துப் பிள்ளைகளின் ஓட்டப் பரிசோதனைக்கும் அந்த நைலான் கயிறுதான் அளவு. இருபது மீட்டர் தள்ளி இரண்டு கோடு. 'பீப்' ஒலிப்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். போகப் போக பீப் வேகமாக வரும். பதின்மூன்று வயதுக்கு ஐம்பது ஓட்டம். தொடர்ந்து இரண்டு வருடம் தவறினால் பயிற்சியிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

டெய்லர் மகள் இந்த வருடம் நாற்பத்தேழில் நின்றுவிட்டாள். போன வருடம் பன்னிரண்டு வயதுக்கு நாற்பத்து நான்கு. அவள் ஓடியது நாற்பத்திரண்டு. அழவில்லை. பூட்ஸில் இருந்த சேற்றைத் துடைத்துப் பயிற்சியாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை கோல் கம்பம் அளக்கப் புதிதாக ஒரு இரும்பு டேப் வந்தது. அது சரியான டேப்தானா என்று பார்க்க, மாமா அதன் பக்கத்தில் தன் கயிற்றை இழுத்துப் பிடித்தார். கயிறு இருபத்தொன்றரையில் போய் நின்றது. முதலில் டேப்பைத் திட்டினார். மூன்றாவது முறையும் அதே இருபத்தொன்றரை என்றதும் டேப்பை விட்டுவிட்டுக் கயிற்றைப் பார்த்தார். வருடக்கணக்காக இழுத்து இழுத்துக் கயிறு நீண்டிருக்கிறது.

கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு அப்படி ஒரு எண்ணம் வரவும் செய்தது. ஆனால் அந்தப் பூட்ஸ் கண்ணிலேயே நின்றது. கயிற்றோடு பயிற்சியாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

பயிற்சியாளர் அம்மா கால்குலேட்டரைத் தட்டினார். நாற்பத்தேழு தடவை இருபத்தொன்றரை.

"ஆயிரத்துப் பத்து மீட்டர், அண்ணே. ஐம்பது ஓட்டத்துக்கு ஆயிரம் ஓடினாலே போதும். அதுவும் அதே பீப்புக்குள்ள."

அந்த ஒல்லிக் கால்களை நினைக்க மாமாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை பிள்ளைகள், எத்தனை மீட்டர்!

மறுநாள் காலை அப்பாவோடு வந்தவளிடம் மாமாவே சொன்னார்: "தப்பு என் மேலதாம்மா. என் கயிறு ஒன்றரை மீட்டர் நீண்டு போயிருக்கு. நீ பாஸாயிட்டே."

அவள் யோசித்தாள். "போன வருஷமும் இதே கயிறா மாமா?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ மனதுக்குள் நாற்பத்திரண்டை இருபத்தொன்றரையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, நான் போன வருஷமே பாஸுப்பா."