மஞ்சள் ஏறும் ஐந்து நிமிடம்

தொண்ணூற்றொன்றில் பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு சின்ன கம்பெனி கேன்டீனில் எனக்கு வேலை. அங்கே போர் தண்ணீர் ஒரே உப்பு. அதில் சோறு வடித்தால் உப்பு வாங்குகிற செலவு மிச்சம் என்பார் எங்கள் சமையல்கார அக்கா.

அந்தத் தண்ணீரில் கலந்த குளோரின் எவ்வளவு நிற்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டினால் மஞ்சளாகும். அதை அட்டையிலுள்ள மஞ்சளோடு ஒத்துப் பார்ப்போம். ஒருவர் கண் போதாது, இரண்டு பேர் பார்க்கணும் என்பது சூப்பர்வைசர் வைத்த சட்டம். பம்ப் ஓட்டுகிறவர் ஒருவர், நான் ஒருத்தி.

சொட்டியதும் ஒரு தடவை, ஐந்து நிமிடம் கழித்து நிறம் ஏறியிருக்கிறதா என்று இன்னொரு தடவை. எங்கள் உப்புத் தண்ணீரில் வரவேண்டிய மஞ்சள் மொத்தமும் முதலிலேயே வந்துவிடும். உப்போடு கலந்திருக்கிற புரோமைடு செய்கிற வேலை அது என்று ரொம்ப நாள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏறாது என்று அப்போதே இருவருக்கும் தெரியும். இருந்தும் நிற்போம். பஸ்ஸில் கேட்ட கதையெல்லாம் நான் சொல்ல, அவர் குழாயைப் பார்த்தபடி சிரிப்பார்.

"தண்ணி பாக்கறதுக்கே பொட்டு வெச்சிக்கினு போறா பாரு" என்பார் அக்கா.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, எதற்கு இரண்டு தடவை, நேரம்தானே வீண் என்றார். "அப்புறம் கலர் ஏறுதாப்பா?" என்று பம்ப்காரரைக் கேட்டார்.

டீ கிளாஸ் உடைந்தால்கூடத் தானே போய்ச் சொல்லிவிடுகிற மனுஷன் அவர்.

"கொஞ்சம் ஏறுது சார்."

சூப்பர்வைசர் போய்விட்டார். மறுநாளும் மருந்து சொட்டிவிட்டு ஐந்து நிமிடம் நின்றோம்.

வெயில் காலம் முடிவதற்குள் போரை மூடிவிட்டு லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார்கள். பம்ப் இல்லாமல் அவருக்கு வேலை ஏது? கடைசி நாள் கேன்டீன் வாசலில் வந்து நின்றார்.

"மணிமங்கலத்துல உங்க வூடு எந்தப் பக்கம்?"

கோயிலைத் தாண்டி, ஏரிக்கரையில் திரும்பி, நீலக் கதவு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் முழுக்க வாசலில் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். பால்காரர் வந்தார், தபால்காரர் வந்தார். ஏரிக்கரையில் இடது பக்கம் திரும்பணும் என்று சொன்னேனா, சொல்லாமல் விட்டேனா? எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.