நான் மூடிய டப்பா

சிங்கப்பூரில், தேக்காவில் இருக்கிற என் மசாலாக் கடைக்கு வந்து, இரண்டு தட்டில் இரண்டு மிளகாய்த்தூளை வைத்து, என் கண்ணைக் கட்டிவிட்டுப் பாருங்கள். எது இந்த வாரம் அரைத்தது, எது போன வாரம் அரைத்தது என்று கட்டைவிரலாலேயே தடவிச் சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்குத் தேக்காவில் ஒன்று, ஈசூனில் ஒன்று, பாசிர் ரிஸில் ஒன்று என்று மூன்று கடை, ஓடுவதற்கு இரண்டு லாரி. பட்டம் வாங்கினவர்கள் என்னிடம் வேலை கேட்டு நிற்கிறார்கள். யாரும் கைதூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. இதைக் கல்யாண வீட்டிலும் சொல்வேன், துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

போன மாதம் ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி, பழைய சாக்கின் அடியில் கிடந்த மல்லித்தூளைப் புது மூட்டையில் கொட்டிக் கலந்துவிட்டான். "ரெண்டு இடத்துல அரையும் குறையுமா கிடந்துச்சும்மா, ஒண்ணாப் போட்டுட்டேன்" என்றான். முகத்தில் ஒரு சிரிப்பு, பாராட்டு வரும் என்று காத்திருக்கிற சிரிப்பு. கீழே சிந்தின சிட்டிகையைக்கூட விரலால் ஒற்றி எடுக்கிறவள் நான். அன்றைக்கு அந்த மூட்டை மொத்தத்தையும் குப்பையில் கொட்டச் சொன்னேன். வாசனை கெட்டுவிடும் என்று காரணம் சொன்னேன். அது பொய். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்பது வயதில் அது என் முகத்தில் இருந்தது.

அப்போது நாங்கள் நீசூன் பக்கம், இன்றைக்கு ஈசூன் என்கிறார்களே அங்கே, ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். எந்த புளோக் எங்கள் வீடு இருந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் யாராவது கேட்டால் ஒன்றைக் கைகாட்டிவிடுவேன். அப்பா நான் பிறந்த வருஷமே போய்விட்டார். என்னையும் அம்மாவையும் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

மாமா தோட்டத்துக்குத் துப்பாக்கிக்காரர். தோட்டத்து முதலாளி ஒரு சீனத் தவுக்கே. துப்பாக்கி அவருடையது, அனுமதிச் சீட்டில் சுடுகிறவர் பெயர் மாமாவுடையது. காட்டுப்பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டும், ரப்பர்க் கன்றை முறிக்கும். அதை அடிக்கிறதுதான் மாமாவின் வேலை. அந்த வேலைக்குத் தனியாக ஒரு பலகை வீடு கொடுத்திருந்தார்கள். வீட்டைப் பார்த்துத்தான் மாமாவுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். மாசியில் கல்யாணம். பெண் எப்படி இருப்பாள் என்று கேட்டால் மாமா முற்றத்தில் போய் இல்லாத வேலை ஒன்றைச் செய்வார்.

கடைத் தோட்டா வாங்கித் தவுக்கேவுக்குக் கட்டுப்படியாகாது. சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டையே மாமா மறுபடி மறுபடி நிரப்புவார். கட்டிலுக்கடியில் பூட்டின பெட்டி, அதில் இரண்டு பால்மாவு டப்பா, இரண்டிலும் வெடிமருந்து. ஒன்று செதில் செதிலாக இருக்கும். தீ பட்டதும் சட்டென்று போய்விடும். மாமா அதற்கு அவசரக்காரன் என்று பேர் வைத்திருந்தார். அணிலும் வௌவாலும் அடிக்கிற இரட்டைக்குழலுக்கு அது. மற்றது பொடிக் குச்சிகளாக இருக்கும், நின்று எரியும். அதன் பேர் நிதானக்காரன். பன்றி அடிக்கிற நீளத் துப்பாக்கிக்கு அதுதான். மாற்றிப் போட்டால் துப்பாக்கி தாங்காது என்பார். தாங்காது என்றால் துப்பாக்கி கெட்டுப்போகும் என்று மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் என்னைப் பார்த்துக் கேட்பார்.

"இன்னைக்கு யாரைக் கூப்பிடலாம் குட்டி?"

"பன்னிக்கா, அணிலுக்கா?"

"பன்னிக்கு."

"அப்ப நிதானக்காரன்."

"நீ சொன்னா சரி" என்று அந்த டப்பாவை எடுப்பார்.

அவருக்குத் தெரியாததையா கேட்டார்? எனக்கு அது விளையாட்டு என்று தெரியாது. என்னைக் கேட்காமல் மாமா மருந்து எடுக்க மாட்டார் என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த வருஷம் போகியன்று அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அரை அரையாகக் கிடக்கிறதையெல்லாம் ஒன்றாகப் போட்டு, மிச்ச டப்பாவைக் கழுவிக் காயவை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பானை வாங்கப் போனாள். உளுந்தோடு உளுந்து, சீனியோடு சீனி என்று போட்டேன். அடுக்களை முடிந்ததும் மாமாவின் பெட்டி ஞாபகம் வந்தது. சாவி நாள்காட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். இரண்டு டப்பாவும் அரையரைதான் இருந்தன. இரண்டும் மருந்துதானே. ஒன்றில் கொட்டிக் குலுக்கி, டப்பாவைத் தரையில் வைத்து, மூடிமேல் என் முழு உடம்பையும் வைத்து அழுத்தி மூடினேன். மற்றதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தேன். அம்மா அதில்தான் பொங்கலுக்கு வெல்லம் போட்டு வைத்தாள். அந்தப் பொங்கலை மாமாவும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பொங்கல் கழிந்த இரண்டாம் நாள், மரவள்ளியில் பன்றி இறங்கிவிட்டது என்று ஆள் வந்தது. மாமா பெட்டியைத் திறந்தார். ஒரு டப்பாதான் இருந்தது. மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். வாசல் வெளிச்சத்துக்குப் போய் விரலால் கிளறிப் பார்த்தார்.

"யாரு குட்டி இது?"

"நான்தான் மாமா. அரை அரையா இருந்துச்சு, ஒண்ணாப் போட்டுட்டேன்." அந்தச் சிரிப்பு அப்போதுதான் என் முகத்தில் இருந்தது.

மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கையை எடுத்து, விரல் இடுக்கையெல்லாம் தன் வேட்டியால் துடைத்தார்.

"நல்லாத்தான் மூடியிருக்கே" என்றார். "ஆனா யார்கிட்டயும் சொல்லாதே. நான் செஞ்சதுன்னு சொல்லிக்கிறேன்."

டப்பாவைக் குட்டைக்கு எடுத்துப்போய்த் தண்ணீரில் கொட்டினார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். என் வேலையையும் கொட்டிவிட்டு, பேரையும் அவரே எடுத்துக்கொள்ளப் போகிறார். எனக்கு அழுகை வந்தது.

மருந்து இல்லாமல் நாலைந்து நாள் துப்பாக்கி சும்மா இருந்தது. பன்றி வரிசை வரிசையாகத் தோண்டிப் போட்டது. "துப்பாக்கிக்காரருக்குக் கல்யாண பயம் வந்துடுச்சு, பன்னி பயமும் சேர்ந்துக்கிச்சு" என்று ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் கேலி பேசினார்கள். மாமா சிரித்துக்கொண்டார். தவுக்கே புது மருந்துக்கு அனுமதி கேட்டார். பழையது என்ன ஆயிற்று என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார், மலாய்க்காரர். தோட்டத்துக் கணக்கெழுதும் தமிழர், கிராணி என்போம், அவர்தான் மொழிபெயர்த்தார்.

எங்கள் வாசலில்தான் விசாரணை. மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மழைத் தண்ணி இறங்கிடுச்சுங்க. என் கவனக்குறைவுதான்."

கிராணி மலாயில் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். இனிமேல் உயரத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். அவ்வளவுதான், முடிந்திருக்கும்.

மற்றதை எப்படியோ பொறுத்திருப்பேன். தண்ணீர் இறங்கிவிட்டது என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. உடம்பு முழுவதையும் வைத்து அழுத்தி நான் மூடின டப்பா.

"தண்ணியெல்லாம் இறங்கல. நான்தான் மூடினேன்" என்றேன்.

"உள்ளே போ லா குட்டி, அம்மா கூப்பிடுறாங்க பாரு" என்றார் கிராணி. அம்மா கூப்பிடவில்லை.

பிள்ளை என்ன சொல்கிறது என்று அதிகாரி கேட்டார். பசிக்கிறதாம் என்று கிராணி மலாயில் சொன்னார். மலாய்ப் பிள்ளைகளோடு ஓடித் திரிந்தவளுக்கு மலாய் தெரியாதா? நான் முன்னால் போய் நின்றேன்.

"சாயா பூவாட், துவான்." நான் செய்தது ஐயா.

அதிகாரி குனிந்து, சிரித்த முகத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த மருந்து என்று மாமா என்னைத்தான் கேட்பார் என்றேன். சாவி எங்கே தொங்கும் என்று காட்டினேன். இரண்டு டப்பாவையும் ஒன்றாக்கினதைக் கையை ஆட்டிச் செய்து காட்டினேன். என்னைக் கேட்கிறவர் கிடைத்தால் நான் நிறுத்துவேனா? அதிகாரி மூடின பேனாவைத் திறந்தார்.

கடைசியில் அவர் மாமாவைப் பார்த்து, பிள்ளை பொய் சொல்கிறதா என்று கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, ஆமாம் என்று சொல்லும்படி மாமாவுக்குக் கண்ணைக் காட்டினார். நானே பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தேன்.

"இல்லைங்க" என்றார் மாமா. "அது பொய் சொல்லாது."

இரண்டு துப்பாக்கியும் அன்றைக்கே போயின. பிள்ளை கையில் வெடிமருந்து விட்டவருக்கு இனி அனுமதி இல்லை என்றார்கள். துப்பாக்கி இல்லாத துப்பாக்கிக்காரர் தவுக்கேவுக்கு எதற்கு? வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பெண் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, காப்பி குடிக்காமல் பேசிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தில் கேட்டுவந்த அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "உண்மையைத்தானே சொன்னுச்சு, விடுக்கா."

மாசியில் கல்யாணம் நடக்கவில்லை. அடுத்த மாசியிலும் இல்லை. தேக்காவில் ஒரு மசாலாக் கிடங்கில் மாமா மூட்டை தூக்கினார். அந்தக் கிடங்கில் விளையாடித்தான் என் கட்டைவிரலுக்குத் தூள் பிடிபட்டது. கடைசி வருஷங்களில் என் கடையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். யாரும் என்னைக் கைதூக்கிவிடவில்லை என்று அவர் எதிரிலேயே வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். அவர் நூலைப் பல்லில் கடித்தபடி ஆமாம் என்று தலையாட்டுவார். அவர் போன பிறகுதான் வயதான கிராணி ஒருநாள் கடைக்கு வந்து, அந்த மருந்தை மாமா கிளறிப் பார்க்காமல் நிரப்பிச் சுட்டிருந்தால் துப்பாக்கியே வெடித்து அவர் முகமே மிஞ்சியிருக்காது என்று சொன்னார். அன்றைக்கு மல்லி எடை போட்டுக்கொண்டிருந்தேன். தராசைக் கீழே வைத்துவிட்டேன்.

தோட்டத்தை விட்டுக் கிளம்பின காலை நன்றாக நினைவிருக்கிறது. லாரியில் இரண்டு பாய், பாத்திர மூட்டை, அந்தக் காலிப் பெட்டி. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டாள். மாமா என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பெட்டிமேல் உட்காரவைத்து, விழாமல் இருக்கத் தன் கையைக் குறுக்கே போட்டுக்கொண்டார். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மாமா, இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்ல, நான்தான் செஞ்சேன்னு?"

"தெரிஞ்சிருக்கும் குட்டி" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோட்டம் கண்ணுக்கு மறைகிற வரை எல்லோருக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனேன்.