நான் அணைத்த விளக்கு

2006 நவம்பரில், நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், மோர்டென்ஸ்ருட் என்ற புறநகர் அருகே காரில் அடிபட்ட மான் ஒன்று காட்டுக்குள் ஓடிவிட்டது. அது வதைபடாமல் தேடிச் சுடும் பொறுப்பு வேட்டை உரிமம் பெற்ற என் மச்சான் குகனுடையது. துணைக்குப் போன நான் ஒளிவிளக்கைப் பிடித்தேன்.

மான் பின்கால் ஒடிந்து தொங்க, வெளிச்சத்தில் அசையாமல் நின்றது.

“ஆட்டாதை மச்சான், அப்பிடியே பிடி.”

ஊரில், போர்க்காலத்தில் கடல்நீரேரியைப் படகில் கடந்தபோது, கடற்படையின் விளக்கு எங்கள்மேல் விழுந்தது. அது விலகியதால்தான் பிழைத்தோம். அந்த நினைப்பில் விளக்கை அணைத்துவிட்டேன். மான் ஓடும் சத்தம் கேட்டது.

“என்னடா செய்தனீ?”

“பாவமடா.”

“இனி விடியுமட்டும் அது நோவோடை கிடக்கப்போகுது. அது பாவமில்லையோ?”

மறுபடி விளக்கைப் போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. காலையில் ஓடைக்கரையில் கண்டோம். இன்னும் மூச்சு இருந்தது. குகன் சுட்டான்.

அன்று நான் இரங்கியது என்மேல்தான் என்று இப்போது தோன்றுகிறது.