பதிமூன்று பல்

கடைக்காரர் இருந்தார். பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் இருந்தான். என் மனைவி இருந்தாள். நான் இருந்தேன். கல்லாவுக்கு முன்னால் பலகை மேல் அறுந்த செயினும், தேய்ந்துபோன பல்சக்கரங்கள் இரண்டும் கிடந்தன. வேறு யாரும் இல்லை.

சனிக்கிழமை. மணி பன்னிரண்டே முக்கால். சுனாமிக்கு முந்தின வருஷம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஸ்பேர் கடை அது. ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். சாப்பாடு, தூக்கம். புதுச்சேரியில் அப்படித்தான். மெக்கானிக் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடலூர் பஸ் ஏறிவிடுவான். திங்கட்கிழமைதான் வருவான். ஒரு மணிக்குள் சாமான் கையில் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டி இல்லை.

வண்டி இல்லையென்றால் இடம் போய்விடும்.

அதைச் சொல்ல வேண்டும். நாங்கள் மீன் வியாபாரம். விடியற்காலையில் கனகசெட்டிக்குளத்தில் படகு வந்ததும் ஏலம். ஏலம் கேட்பது அவள். மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, மோட்டார் சைக்கிளில் கட்டி, அவளையும் ஏற்றிக்கொண்டு ரெட்டியார்பாளையம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான். மற்ற நாளில் தெருத்தெருவாகப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பாள். அங்கே வரிசையாக ஏழு கூடை. ஏழாவது எங்களுடையது. சாக்கடை மூலை. ஒரு வாரத்து வீட்டுச் செலவு அந்த ஒரு காலையில் வந்துவிடும்.

அந்த இடத்துக்குச் சீட்டு கிடையாது. உட்கார்ந்தால் இடம். ஒரு ஞாயிறு வரவில்லையென்றால் காய்ச்சல், சாவு என்று விட்டுவிடுவார்கள். அடுத்த ஞாயிறு ஏழு மணி வரை பார்ப்பார்கள். அதற்கு மேல் யார் கூடையை வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நாங்களும் அப்படித்தான் ஒருத்தி இடத்தில் உட்கார்ந்தோம்.

போன ஞாயிறு நாங்கள் போகவில்லை. பிள்ளைச்சாவடி தாண்டுவதற்குள் செயின் அறுந்தது. பெட்டியோடு எந்த பஸ்ஸும் ஏற்றவில்லை. செல்போன் எல்லாம் எங்களிடம் ஏது. மீனவர் ஊரில் மீனை யாரிடம் விற்பது. வெயில் ஏறும் வரை நின்றோம். அப்புறம் கருவாட்டுக்குப் போட்டோம்.

ஒட்டுப் போட்டு வாரம் முழுக்க ஓட்டினேன். வெள்ளிக்கிழமை மறுபடி அறுந்தது.

ஒன்றரை வருஷத்தில் அது மூன்றாவது செயின். மூன்றும் அந்தக் கடையில் வாங்கியது. சண்டை போடத்தான் வந்தேன். போலிச் சரக்கு கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. இதே செயினைப் பால்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறார்கள் என்றார்.

"உனக்கு மட்டும் ஆறு மாசத்துல போவுதுன்னா நான் இன்னாப்பா பண்றது?"

நான் வேறு கம்பெனி செயின் கேட்டேன். அவர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். எது கெட்டி என்று தெரியவில்லை. இதைத் தூக்கிப் பார்த்தேன், அதைத் தூக்கிப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். செயின் மட்டும் போதும், பின் பல்சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கம் மாற்றிப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அது ஏற்கெனவே திருப்பிப் போட்டதுதான் என்றான் மெக்கானிக். நான் மறந்திருந்தேன். பல் எல்லாம் முள்ளு மாதிரி இருந்தது. பழைய பல்லில் புதுச் செயின் மாட்டினால் நழுவும். செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அவள் அறுந்த செயினைக் கையில் எடுத்தாள். பெட்டிக்குள் கையை விட்டே மீன் எத்தனை நாள் ஆனது என்று சொல்கிற கை. விரலால் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனாள். கொட்டகையில் என் வண்டி நின்றது. மீன் பெட்டி அதன் மேலேயே இருந்தது. கீழே குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏன்யா, பொட்டியில ஓட்டைய யாரு போட்டது?"

நான்தான் என்றேன்.

"எந்தப் பக்கம்?"

இடப்பக்கம் என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஐஸ் உருகினால் தண்ணீர் வெளியே போக ஓட்டை வேண்டும். முதலில் வலப்பக்கம்தான் போட்டேன். அந்தப் பக்கம் சைலன்சர். மீன் தண்ணீர் சூட்டில் விழுந்து பொரிந்தது. சிக்னலில் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதை அடைத்துவிட்டு இடப்பக்கம் போட்டேன். நாற்றம் போய்விட்டது. நல்ல வேலை செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் செயின். ஒன்றரை வருஷம் தினமும் அதன் மேல் உப்புத் தண்ணீர்.

மெக்கானிக் சிரித்தான்.

"ஊரு செயினுக்கு எண்ணெய் ஊத்துது. நீ மீன் கொழம்பு ஊத்தியிருக்கிறியேண்ணே."

கடைக்காரர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் இருந்தது. பின் பல்சக்கரம் எத்தனை பல் என்று கேட்டார். அதில் போட்டிருந்த நம்பர் துருவில் போயிருந்தது. வண்டி இரண்டாம் கை. முன்னால் வைத்திருந்தவன் எதை மாட்டினானோ. நான் எண்ணினேன். நாற்பத்து மூன்று வந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. எங்கே ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"குடு" என்று வாங்கினாள். தலைப் பூவிலிருந்து நாரை உருவி ஒரு பல்லில் கட்டினாள். அங்கிருந்து எண்ணினாள். லாபம் என்று ஆரம்பித்தாள். எங்கள் தொழிலில் ஒன்று என்று சொல்வதில்லை. முதல் எண்ணிக்கை லாபம். அப்புறம் ரெண்டு, மூணு. நார் வரைக்கும் வந்து நிறுத்தினாள். நாற்பத்திரண்டு.

பின்னால் அதே நாற்பத்திரண்டு போட்டுவிடலாம். முன்னால் உள்ள சின்னதில்தான் பேச்சு வந்தது. வண்டியில் இருந்தது பதினாலு பல். கடையில் பதினாலும் இருந்தது, பதிமூன்றும் இருந்தது.

"மணல்ல இழுக்கணும்னா பதிமூணு. ரோட்டுல பறக்கணும்னா பதினாலு" என்றான் மெக்கானிக். "ரெண்டும் ஒண்ணா வராது."

கனகசெட்டிக்குளத்தில் கரையிலிருந்து ரோடு வரைக்கும் மணல். பெட்டியோடு ஏற்றும்போது வண்டி முக்கும். செயினுக்கு அடி விழுவது அங்கேதான். அப்புறம் ரோடு. ஏழு மணிக்குள் ரெட்டியார்பாளையம்.

அவள் பதினாலு என்றாள். மணலில் தான் இறங்கித் தள்ளுவதாகச் சொன்னாள். ஏற்கெனவே தள்ளிக்கொண்டுதான் இருந்தாள். அப்படித் தள்ளியும் அறுந்தது. ஐந்து நிமிஷம் பிந்தினால் இடம் போகும். அறுந்தாலும் இடம் போகும். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சாவிக் கொத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஓட்டறவன் நீ. நீ சொல்லு" என்றாள்.

பதிமூன்று என்றேன்.

செயின், முதலில் எடுத்து வைத்த பெட்டியில் இருந்ததையே வாங்கினேன். வெளியே வந்ததும் ஷட்டர் இறங்கியது. இரண்டரைக்கு மெக்கானிக் மாட்டி முடித்தான். நான் வீட்டுக்குப் போய் இடப்பக்கத்து ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்தேன். பெட்டியின் பின்பக்கம் புது ஓட்டை போட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, தரை வரை தொங்கவிட்டேன். வாளியில் தண்ணீர் எடுத்துப் பெட்டிக்குள் ஊற்றிப் பார்த்தேன். நாலு முறை ஊற்றினேன். செயினில் ஒரு சொட்டும் விழவில்லை. அப்புறமும் போய்ப் போய்ப் பார்த்தேன். சும்மா உட்காரேன்யா என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு ஏலம் இழுத்தது. சங்கரா மீன் விலை ஏறிக்கொண்டே போனது. அவள் விடவில்லை. நான் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றேன். பெட்டி கட்டி முடிக்க ஆறு தாண்டிவிட்டது. மணலில் அவள் இறங்கப் போனாள். உட்கார் என்றேன். வண்டி ஏறிவிட்டது. செயினில் சத்தமே இல்லை.

ரோட்டில்தான் கஷ்டம். இன்ஜின் கத்தியது. வேகம் வரவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் குனிந்து செயினைப் பார்த்தேன். பிள்ளைச்சாவடியில் போன வாரம் நின்ற இடம் வந்தபோது இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மொபெட்டில் ஒரு கிழவர் எங்களைத் தாண்டிப் போனார்.

"இவ்ளோதான் போவுமா?" என்று காதுக்குள் கேட்டாள்.

"இவ்ளோதான்."

டவுனுக்குள் ஒரு கடைக் கடிகாரம் ஆறு ஐம்பது காட்டியது. அது சரியாக ஓடுகிறதா என்று தெரியாது. சிக்னலில் நிற்க வேண்டியிருந்தது.

ரெட்டியார்பாளையம் வந்து தெருமுனை தெரிந்தது. கூடைகள் தெரிந்தன. எங்கள் இடத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஏழு கூடை இருக்கும். இல்லையென்றால் ஆறு. பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். லாபம் என்று ஆரம்பித்தாள். ரெண்டு, மூணு. ஒரு பஸ் வந்து மறைத்தது. ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தேன். நகர்ந்தது.

முதலிலிருந்து எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன். சாக்கடை மூலை வரைக்கும் எண்ணினோம்.

ஆறு.