தாய்வீட்டை இழுத்துக்கொண்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். நாங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாள் என்று என் மனைவி நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, பயணமே கூடாது என்று மகளின் டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நாம் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் மனைவிக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் வியாதி. நாள் முழுக்க மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கும். விமானத்தை மறந்துவிடுங்கள் என்றார் அவளுடைய டாக்டர். போதாக்குறைக்கு மகளின் அபார்ட்மெண்ட் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. இவளோ பத்துப் படி ஏறினால் பதினோராவது படியில் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு வாரம் அழுதாள். பிறகு ஒரு நாள் காலையில் காபியை என் கையில் கொடுத்துவிட்டு, “அவ வர முடியலைன்னா என்னங்க, வீட்டை நாம எடுத்துட்டுப் போயிடலாம்” என்றாள். என் ஆபீஸில் ஒருவர் டிராவல் ட்ரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சக்கர வீடு ஒன்று, வாங்கியதைச் சில மாதம் முன்பு கேலியாகச் சொல்லியிருந்தேன். அந்தக் கேலியை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

பென்சில்வேனியாவில் ஒரு தம்பதியிடம் பழைய ட்ரெய்லர் ஒன்று கிடைத்தது. முன்பக்கம் கட்டில், நடுவில் மேஜையும் பெஞ்சும், பின்பக்கம் சமையலறை. நான் கீழே படுத்து அச்சையும் டயரையும் பார்த்தேன், ஏணி போட்டு ஏறிக் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்றாள்.

அடுத்த இரண்டு மாதம் எனக்கு வேறு வேலை இல்லை. இழுப்பதற்கு ஒரு பிக்கப் டிரக் வாங்கினேன். இரண்டையும் இணைக்கும் ஹிட்ச்சைப் பொருத்தினேன். ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க, டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்ன லீவர் வைத்தேன். ஆக்சிஜன் மெஷின் எங்கேயும் நின்றுவிடக் கூடாது என்று கூடுதல் பேட்டரிகளும் ஒரு ஜெனரேட்டரும் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்துப் பழகினேன். நான் வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் போகும். டிரக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே என் மனைவி சிரிப்பாள், சிரித்தால் இருமல் வரும், இருமினால் நான் திட்டுவேன்.

ட்ரெய்லர் இழுப்பவன் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. பாரம் முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் அது வாலாட்டத் தொடங்கும், கடைசியில் இழுக்கிற வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். இதை ஒரு தாளில் படம் போட்டு அவளுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் பின்பக்கச் சமையலறையில் வெட் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே போயிருந்தது. மறுபடி எடுத்தேன், இந்த முறை சத்தம் போட்டுக்கொண்டே. அவள் ஒன்றும் பேசவில்லை. முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் பேசாமல் இருந்தால் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அர்த்தம் செய்துகொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் லாரிகள் எடை போடும் இடத்துக்குப் போய் முன்பாரம் பின்பாரம் எல்லாம் சரிபார்த்து, அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ட்ரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு டீசல் போடவும் டயருக்குக் காற்று பிடிக்கவும் டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்வந்தேன். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வந்து பின்னால் மாட்டினேன். உள்ளே எட்டிப்பார்க்கத் தோன்றவில்லை. சீட்டுதான் பையில் இருந்ததே.

இரண்டாம் நாள், வர்ஜீனியாவில் ஒரு நீண்ட இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய காற்றில் எங்கள் டிரக்கைப் பின்னாலிருந்து யாரோ பிடித்துக் குலுக்கியதுபோல் இருந்தது. இடது கண்ணாடியில் ட்ரெய்லரின் பின்முனை தெரிந்தது. அடுத்த நொடி வலது கண்ணாடியில் தெரிந்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தினதைவிடப் பெரிதாக இருந்தது. காலைப் பிரேக்கில் வைக்காதே, வைக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு அந்தச் சின்ன லீவரை மட்டும் அழுத்திப் பிடித்தேன். பின்னால் இழுபட்டு, முனகி, மெல்ல மெல்ல அது நேரானது. பக்கத்தில் அவள் ஒரு கையால் மூக்குக் குழாயைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தாள்.

சாலையோரம் நிறுத்திவிட்டு, இறங்கிப் போய் ட்ரெய்லர் கதவைத் திறந்தேன். சமையலறை அலமாரிகள், தொட்டிக்கு அடியில், அடுப்புக்கு அடியில் எல்லாம் அரிசி மூட்டை. பொன்னி தனி, இட்லி அரிசி தனி. உளுந்து, துவரை, புளி, நல்லெண்ணெய் டின். போர்வைக்குள் சுற்றி வெட் கிரைண்டர். லேகியம் கிளற வெண்கல உருளி. அம்மிக்கல்லும் குழவியும்கூட இருந்தன. மகளின் பிரசவத்துக்கு அம்மா வெறுங்கையோடு போகலாமா? நான் டீசல் போடப் போன நேரத்தில் பக்கத்து வீட்டுக் குஜராத்தித் தம்பதியைக் கூப்பிட்டு ஏற்றியிருக்கிறாள். எல்லாமாகச் சேர்த்து முந்நூறு பவுண்டுக்குக் குறையாது. அத்தனையும் பின்பக்கம்.

திரும்பி வந்து கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. “சாகணும்னு ஆசையா உனக்கு?” என்று கேட்டேன். அவள் இன்னும் எவ்வளவு காலம் இருப்பாள் என்று டாக்டர் எங்களிடம் சொல்லி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். மூச்சு சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “சொல்லியிருந்தா எடுத்து வெளிய வெச்சிருப்பீங்க. வேற என்ன வெக்கணும்னு என்னிக்காவது என்கிட்ட கேட்டிருக்கீங்களா?”

மடக்கு நாற்காலியைச் சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் போட்டு அவளை உட்கார வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். முதுகு விட்டுப்போயிற்று. அம்மிக்கல்லைத் தூக்கும்போது அதை அங்கேயே புல்லில் விட்டுவிடலாமா என்று தோன்றியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விடவில்லை.

கடைசியாகக் கிடைத்தவை இரண்டு துணிப்பைகள். ஒரே அளவு, ஒரே முடிச்சு. ஒன்றைப் பிரித்தேன். சுக்கு, திப்பிலி, மிளகு, ஓமம் எல்லாம் தனித்தனிப் பொட்டலமாக அளந்து கட்டியிருந்தாள். பிரசவ மருந்து. மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது என்பதால் ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். ஒரு பையின்மேல் முதல் குழந்தைக்கு என்று இருந்தது. அடுத்ததன்மேல் இரண்டாவது குழந்தைக்கு என்று இருந்தது.

இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். இரண்டாவது பையை நீட்டினேன். “ரெண்டாவதுக்கு நான் இருப்பேனா?” என்றாள். “அரைச்சு வெச்சா கெட்டுடும். முழுசா இருந்தா தாங்கும்.” பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹூஸ்டன் போய்ச் சேரும்வரை வண்டி ஒரு முறைகூட ஆடவில்லை.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில், ட்ரெய்லர்களுக்கென்றே தண்ணீரும் மின்சாரமும் தருகிற ஒரு பார்க்கில் இடம் எடுத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து மகள் குழந்தையோடு நேராக அங்கேதான் வந்தாள். இரண்டே படி ஏறித் தாய்வீட்டுக்குள் நுழைந்தாள். நாற்பது நாள் முன்பக்கக் கட்டிலில் அம்மாவும் மகளும் குழந்தையும், நடு பெஞ்சில் நான். என் மனைவியால் நிற்க முடியாது. முக்காலியில் உட்கார்ந்தபடி உருளியில் லேகியம் கிளறினாள். அவள் சொல்லச் சொல்ல நான் அம்மியில் தட்டினேன், கிரைண்டரில் ஆட்டினேன். காரமாக இருக்கிறது என்று மகள் ஆங்கிலத்தில் முணுமுணுப்பாள், ஆனால் அம்மா கையால் நீட்டிய உருண்டையை ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மனைவி அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதைத் தடுக்கப் பார்த்தவன் நான்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் போய்விட்டாள்.

இப்போது மகளுக்கு இரண்டாவது, எட்டாம் மாதம். விமானத்தில் வாருங்கள், ட்ரெய்லரெல்லாம் வேண்டாம், தனியாக ஓட்டாதீர்கள் என்று தினமும் சொல்கிறாள். நான் கேட்பதாக இல்லை. நாளை காலை கிளம்புகிறேன்.

இன்று ட்ரெய்லரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அரிசி, கிரைண்டர், உருளி, அம்மிக்கல் எல்லாம் முன்பக்கம் வைத்துக் கட்டியாயிற்று. அந்தத் துணிப்பையையும் வைத்தேன், முடிச்சைப் பிரிக்கவில்லை. பிறகு வீட்டுக்குள் போய்ச் சமையலறை வாசலில் நின்று, வேறு என்ன வைக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். வெளியே வந்து ட்ரெய்லர் கதவைப் பூட்டினேன்.