ஏரம்பமூர்த்தி ஊறவைத்த இதயம்

இதயத்தில் பிறக்கும் மின்சாரம் தசை, கொழுப்பு, நுரையீரல் எல்லாம் கடந்து தோலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் தவமணியின் ஆராய்ச்சி. அதற்கு ஒவ்வொரு சதையும் மின்சாரத்தை எவ்வளவு கடத்தும் என்று தெரிய வேண்டும். புத்தகத்தில் இருக்கும் எண்களை எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். தவமணி இருப்பாளா? நான்கு ஊசி வைத்துத் தானே ஒரு கருவி செய்தாள். ஓரத்து ஊசிகள் மின்சாரம் செலுத்தும், நடு ஊசிகள் அளக்கும். பார்ப்பதற்குப் பல்லுப்போன சீப்பு மாதிரி இருக்கும்.

பேராசிரியர் ரோஹானாவுக்கு அந்தச் சீப்பின் மேல் நம்பிக்கையே இல்லை. திங்கட்கிழமைக்குள் ஆட்டு இதயத்தில் அது காட்டும் எண் புத்தகத்து எண்ணுக்குப் பக்கத்திலாவது வர வேண்டும், வராவிட்டால் கருவியை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை சந்தையில் இறைச்சிக் கடை முகம்மது கனியிடம் ஓர் ஆட்டு இதயம் வாங்கி, வீட்டு ஐஸ்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தாள். சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் அளந்தால், மின்சாரம் தறிகெட்டு ஓடியது. புத்தகத்து எண்ணைப் போல் மூன்று மடங்கு. ஊசியைத் திட்டினாள், கம்பியைத் திட்டினாள், கடைசியில் ஆட்டையும் திட்டினாள். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபோது அழுகையே வந்துவிட்டது.

கணவர் ஏரம்பமூர்த்தி ஆறுதலாகக் குழம்பை ஊற்றினார்.

"நேத்து வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஐஸ்பெட்டியெல்லாம் கவுச்சி. உனக்கு உதவியா இருக்கட்டும்னு அந்த இதயத்தை ராத்திரியே நல்லா உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, காலையில தொடைச்சு பையில வெச்சிட்டேன் லா" என்றார், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு.

உப்பு ஏறிய சதையில் மின்சாரம் ஓடாமல் என்ன செய்யும்? தவமணிக்கு அவரை அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. கருவிமேல் குற்றமில்லை.

ஞாயிறு காலை மறுபடி சந்தை.

"முந்தாநாள்தானே ஒண்ணு வாங்கினீங்க. அண்ணனுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சா அக்கா?" என்றான் கனி.

இந்த முறை அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் அளந்தாள், எண் புத்தகத்தை ஒட்டி நின்றது. பிறகு அதிலேயே ஒரு துண்டை வெட்டி, வேண்டுமென்றே உப்புத் தண்ணீரில் போட்டு, ஊறியபின் அளந்தாள். எண் எகிறியது.

திங்கட்கிழமை ரோஹானா இரண்டு எண்களையும் பார்த்தார். இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் கருவியை ஏன் மூட்டை கட்டுவது, அடுத்து நுரையீரலை அளக்கலாம் என்றார். உப்பு வைத்துச் சோதிக்கும் யோசனை யாருடையது என்றும் கேட்டார். தவமணி கொஞ்சமும் கூசாமல் கணவர் பெயரைச் சொன்னாள்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் ஏரம்பமூர்த்திக்குத் தனியாக ஒரு வரி உண்டு. கவுச்சியைப் போக்கியதற்குத்தான் அது என்று அவர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்.